கத்தி, கத்தரி, சான்றிதழ்: வாசகர் கேள்விகள்

முடிதிருத்தும் தொழிலையும் அதைக் கற்பதையும் பற்றி ஒரு கட்டுக் கேள்விகள் வந்திருக்கின்றன. இந்த இதழில் மற்றவற்றை ஒதுக்கிவிட்டு அவற்றுக்கு மட்டும் பதில்.

பையன் பத்தாவது பாஸ். சலூன் வேலைதான் கற்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். எங்கே சேர்ப்பது?
*ஒரு தாய், விழுப்புரம்*

திட்டாமல், எங்கே சேர்ப்பது என்று கேட்கிறீர்களே, பாதி வேலை முடிந்தது. ஐ.டி.ஐ.யில் ‘காஸ்மெட்டாலஜி’ என்று ஒரு பிரிவு உண்டு. ஓராண்டுப் படிப்பு. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். முடி, சருமம், ஒப்பனை எல்லாம் சேர்ந்த பாடம். தேறினால் நாடு முழுக்கச் செல்லும் தேசியத் தொழிற்சான்றிதழ் கிடைக்கும். எல்லா ஐ.டி.ஐ.யிலும் இந்தப் பிரிவு இருக்காது, விசாரித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

ஓராண்டு அதிகம் என்றால், அழகு மற்றும் நலவாழ்வுத் துறைத் திறன் கவுன்சிலின் பாடத்திட்டப்படி நடக்கும் குறுகிய காலப் பயிற்சிகள் இருக்கின்றன. அதில் உதவி முடிதிருத்துநர் என்பது நிலை 3, ஹேர் ஸ்டைலிஸ்ட் என்பது நிலை 4. தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தின் இலவசப் பயிற்சிகளில் இது வருகிறதா என்று மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் கேளுங்கள். எதில் சேர்ந்தாலும் சனி, ஞாயிறுகளில் நல்ல கடை ஒன்றில் பையன் நிற்கட்டும். பயிற்சி மையத்தில் பொம்மைத் தலைதான் அதிகம் கிடைக்கும். பொம்மை தும்முவதில்லை, செல்போனை எடுக்கக் குனிவதில்லை.

“15 நாளில் மாஸ்டர் ஆகலாம்” என்று விளம்பரம் பார்த்தேன். உண்மையா?
*கல்லூரி மாணவர், சேலம்*

15 நாளில் மிஷின் பிடிக்க வரும், தலை பிடிக்க வராது.

பணம் கட்டும் முன் அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “தேர்வு வைப்பது யார்?” சொல்லிக்கொடுத்தவரே தேர்வும் வைத்து, தன் கடை முத்திரையையே குத்திக் கொடுத்தால் அது வெறும் நற்சாட்சிக் கடிதம். வெளியிலிருந்து மதிப்பீட்டாளர் வந்து பார்த்து, தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பின் நிலை எண்ணோடு கொடுப்பதுதான் சான்றிதழ். இரண்டும் ஒரே மாதிரி தங்கக் கரை போட்ட தாளில்தான் வரும், அதனால் தாளைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

லைசென்ஸ் இல்லாமல் முடி வெட்டலாமா?
*ஒரு வாசகர், கரூர்*

நம் நாட்டில் வெட்டலாம். கடைக்கு உள்ளாட்சி அமைப்பின் தொழில் உரிமம் வேண்டும், கத்தி பிடிக்கும் கைக்கு எந்த உரிமமும் வேண்டாம். அமெரிக்காவில் நேர் எதிர். 1897-இல் மினசோட்டா மாநிலம் முதன்முதலில் முடிதிருத்துநருக்கு உரிமச் சட்டம் கொண்டுவந்தது. இன்று பல மாநிலங்களில் 1,000 முதல் 1,500 மணி நேரம் வரை பயின்று, தேர்வு எழுதி, செய்முறையும் காட்டினால்தான் நாற்காலிக்குப் பின்னால் நிற்க முடியும். ஜெர்மனியில் மூன்று ஆண்டு தொழிற்பயிற்சி. சொந்தக் கடை வைக்க வேண்டுமென்றால் பொதுவாக அதற்கு மேல் ‘மைஸ்டர்’ தகுதியும் பெற வேண்டும். இங்கிலாந்திலோ 1964-இல் வந்த சட்டம் பதிவேடு ஒன்றை மட்டும் உண்டாக்கியது. விரும்பினால் பதியலாம், கட்டாயமில்லை.

எது சரி? அமெரிக்க வழி அப்படியே வேண்டாம் என்பேன். அங்கேயே மணிக்கணக்கு ஏழைகளை வெளியே நிறுத்துகிறது என்று குரல் எழுந்து, கலிபோர்னியா 2022-இல் 1,500 மணி நேரத்தை 1,000 ஆகக் குறைத்தது. நம் ஊரில் உரிமம் கட்டாயம் என்று நாளைக்கே சட்டம் வந்தால், தெருமுனையில் மரத்தடியில் கண்ணாடி மாட்டி வைத்திருக்கும் பெரியவர்தான் முதலில் பிழைப்பை இழப்பார். ஆனால் சுத்தம் பற்றிய இரண்டு நாள் பாடத்தை மட்டும் எல்லோருக்கும் கட்டாயமாக்கலாம், அதை இலவசமாகவும் அவர் கடைக்கே வந்தும் கற்பிக்கலாம். அந்த இரண்டு நாள் பாடத்துக்காக நான் எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதுவேன்.

அப்படி என்ன சுத்தம்? ஆளுக்கு ஒரு பிளேடு மாற்றுகிறோமே!
*சலூன் உரிமையாளர், திண்டுக்கல்*

மாற்றுகிறீர்கள், அதற்குக் கைதட்டல். எய்ட்ஸ் விழிப்புணர்வுப் பிரசாரம் இந்த மண்ணில் விட்டுச்சென்ற நல்ல பழக்கங்களில் அதுவும் ஒன்று. இப்போது பிளேடை எடுத்த பிறகு கையில் மிச்சம் இருக்கும் கத்திப்பிடியைப் பாருங்கள். பிளேடு உட்காரும் அந்த மெல்லிய பள்ளத்தில் நுரையும் முடித்துகளும் காய்ந்து ஒட்டியிருக்கும். கண்ணுக்குத் தெரியாத ரத்தமும் இருக்கலாம். ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே, காய்ந்த பரப்பில் ஏழு நாளாவது உயிர்ப்போடு இருக்கக்கூடியது. புது பிளேடைப் போய் உட்கார வைப்பது அந்தப் பள்ளத்தில்தான்.

அடுத்தது படிகாரக் கல். ஷேவிங் முடிந்ததும் தண்ணீரில் நனைத்து முகம் முழுக்கத் தேய்ப்போமே, அதே கல்லைத்தான் காலையிலிருந்து இரவு வரை எல்லா முகத்திலும் தேய்க்கிறோம். வெட்டுப்பட்ட இடத்தில் ரத்தத்தை நிறுத்துவதுதான் அதன் வேலை, ஆகவே ரத்தம் இருக்கும் இடத்தைத் தேடித்தான் அது போகிறது. அமெரிக்க உரிமத் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு, பொதுவில் புழங்கும் படிகாரக் குச்சி கூடவே கூடாது என்று சொல்லித்தருகிறார்கள். மாற்று வழி சுலபம்: படிகாரத்தைப் பொடித்து டப்பாவில் வையுங்கள். தேவைப்படும்போது புதுப் பஞ்சில் துளி எடுத்து ஒற்றிவிட்டு, பஞ்சைக் குப்பையில் போடுங்கள். ஒரு முகத்துக்கு ஆகும் செலவு காசுக் கணக்குக்குக்கூட வராது.

சீப்பையும் கத்தரியையும் முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டுத்தான் கிருமிநாசினியில் ஊறப்போட வேண்டும். முடியும் எண்ணெயும் ஒட்டிய சீப்பை நேரே போட்டால் கிருமிநாசினி அழுக்கோடு சண்டை போட்டே தீர்ந்துபோகும். பாட்டிலில் பத்து நிமிடம் என்று போட்டிருந்தால் பத்து நிமிடம்தான், முக்கி எடுப்பது கணக்கில்லை. இதற்காகவே மூன்று நான்கு செட் சீப்பு வாங்கி வையுங்கள்.

இன்னொன்று. பழைய பிளேடை வெறும் காகிதத்தில் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். அதைக் கையால் அள்ளும் தூய்மைப் பணியாளரின் விரலை நினைத்துப் பாருங்கள். மூடியில் கீறல் போட்ட கெட்டி பிளாஸ்டிக் டப்பா ஒன்று போதும். கடையில் வேலை செய்யும் எல்லோரும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். வழக்கமாக மூன்று ஊசி: முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம்.

பயிற்சியில் பலூனுக்கு ஷேவிங் செய்யச் சொல்கிறார்கள். எதற்கு?
*பயிற்சி மாணவர், தஞ்சாவூர்*

ஊதிய பலூனில் நுரை பூசி, உடையாமல் வழித்தெடுக்கச் சொல்வது உலகம் முழுக்க நடக்கும் பழைய பாடம். கை அழுத்துவதை மறக்க வைக்கத்தான் அது. புதிதாகக் கத்தி எடுப்பவர்கள் எல்லோரும் செய்யும் தவறு, முடியை அழுத்தி வெட்டப் பார்ப்பது. பிளேடின் கூர்மையே வெட்டிவிடும், நீங்கள் அதைச் சரியான சாய்வில் நகர்த்தினால் போதும். தோலுக்கும் பிளேடுக்கும் நடுவே சுமார் 30 டிகிரி. அதற்கு மேல் நிமிர்த்தினால் கீறும், ரொம்பப் படுக்க வைத்தால் முடியைப் பிடித்து இழுக்கும்.

ஆனால் பலூன் சொல்லித்தராத பாடம் இடது கையில் இருக்கிறது. நல்ல கைக்காரர் ஒருவர் ஷேவிங் செய்யும்போது கத்தியைப் பார்க்காதீர்கள், மற்றக் கையைப் பாருங்கள். கிருதாவுக்குக் கீழே கத்தி இறங்கும் முன்னரே கட்டைவிரல் தோலை மேலே இழுத்து இறுக்கியிருக்கும். தாடையெலும்பு திரும்பும் இடத்தில் விரல் இடம் மாறும். குரல்வளை மேட்டுக்கு வரும்போது அங்கே நேராக வழிக்காமல், தோலைப் பக்கவாட்டில் நகர்த்தி, மேட்டிலிருந்து விலக்கிச் சமதளமாக்கிக்கொண்டுதான் வழிப்பார். அமெரிக்கப் பாடப்புத்தகத்தில் முகத்தை 14 பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எந்தப் பக்கம் நின்று, கத்தியை எப்படிப் பிடித்து, எந்தத் திசையில் இழுக்க வேண்டும் என்று வரையறுத்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பெரியவர்களுக்கு அந்தப் பதினான்கும் கையில் இருக்கிறது, எண்ணிச் சொல்லச் சொன்னால் தெரியாது. நம் பயிற்சி மையங்கள் அவர்களைச் சம்பளம் கொடுத்து ஆசிரியர்களாக உட்கார வைக்க வேண்டும்.

எதிர் சவரம் கேட்டு வாடிக்கையாளர் அடம்பிடித்தால்? சுருட்டை முடிக்காரருக்கு மறுத்துவிடுங்கள். தோலுக்குக் கீழே வெட்டுப்பட்ட முடி வளைந்து உள்ளேயே வளர்ந்து கட்டியாகும். காரணத்தைச் சொல்லி மறுத்தால் அவரே மறுவாரம் உங்களைத் தேடி வருவார்.

யூடியூப் பார்த்து ஃபேடு கட்டிங் கற்றுக்கொள்ளலாமா?
*பிளஸ் டூ மாணவர், ஆவடி*

கணக்கைக் கற்கலாம். ஒன்றாம் நம்பர் சீப்பு மாட்டினால் முடி சுமார் 3 மில்லிமீட்டர் நிற்கும், இரண்டாம் நம்பருக்கு 6, மூன்றுக்கு 10. இந்த எண்களுக்கு நடுவே கோடு தெரியாமல் கரைப்பதுதான் ஃபேடு. ஆனால் பின்மண்டையில் எலும்பு எங்கே புடைக்கிறது, சுழி ஒன்றா இரண்டா, எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பதெல்லாம் திரையில் வராது. விரல் நுனிக்குத்தான் வரும். மிஷின் வைக்கும் முன் தலையை ஒரு முறை முழுக்கத் தடவிப் பார்க்கும் பழக்கத்தை இன்றே ஆரம்பியுங்கள்.

20 வருஷமாக வெட்டுகிறேன். இந்த வயதில் எனக்கு யார் பரீட்சை வைப்பது?
*முடிதிருத்துநர், ராஜபாளையம்*

உங்கள் கோபம் நியாயமானது. உங்களுக்குப் பாடம் நடத்த யாரும் வர வேண்டியதில்லை. வந்து பார்த்து, தெரிந்ததைத் தெரியும் என்று எழுதிக் கொடுத்தால் போதும். அதற்கென்றே ஆர்.பி.எல். என்ற முறை இருக்கிறது. ஏற்கெனவே தொழில் தெரிந்தவரை மதிப்பிட்டு, விடுபட்டதைச் சில மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்து, மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே சான்றிதழைக் கொடுப்பது. வங்கியிலும், பெரிய சலூனில் வேலை கேட்கும் இடத்திலும், வெளிநாட்டு விசாவுக்கும் அந்தத் தாள் பேசும்.

அதைவிட அவசரமான ஒன்று: முடிதிருத்துவோர் நலவாரியத்தில் பதிந்திருக்கிறீர்களா? 18 முதல் 60 வயது வரை பதியலாம். பிள்ளைகளின் படிப்புக்கு உதவி, விபத்துக்கும் இயற்கை மரணத்துக்கும் உதவி, மூக்குக் கண்ணாடிக்குப் பணம், 60-க்குப் பிறகு மாத ஓய்வூதியம் எல்லாம் அதில் உண்டு. சான்றிதழ் அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம், இதை வரும் செவ்வாய்க்கிழமை கடை விடுமுறையிலேயே முடித்துவிடுங்கள்.

பட்டப்படிப்பு முடித்துவிட்டு சலூன் வைக்க ஆசை. “இது நம்ம சாதித் தொழிலா?” என்று வீட்டில் கூச்சல். என்ன சொல்வது?
*ஒரு பட்டதாரி, மதுரை*

வையுங்கள். இதே வாரம் திருவாரூர்ப் பக்கத்திலிருந்து இன்னொரு கடிதம்: “பரம்பரையாக இதைச் செய்தோம், பட்ட அவமானம் போதும், என் மகள் இந்தப் பக்கமே வரக் கூடாது.” இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். உங்கள் வீட்டார் இந்தத் தொழிலைத் தொட அஞ்சுவதும், அவர் விட்டு ஓடத் துடிப்பதும் ஒரே காரணத்தால். ஒரு வேலையைப் பிறப்போடு கட்டிப்போட்டு, பிறகு அந்த வேலையைக் கேவலம் என்றது இந்தச் சமூகம். இத்தனைக்கும் இதைப் பரம்பரையாகச் செய்த குடும்பத்தார் கிராமத்துக்கு வைத்தியம் பார்த்தவர்கள், கட்டி கீறியவர்கள், அந்த வீட்டுப் பெண்கள் ஊரின் பாதிப் பிள்ளைகளுக்குப் பிரசவம் பார்த்தவர்கள். ஊர் அவர்களுக்குக் கொடுத்த கூலி ஆண்டுக்கொரு முறை அளந்த நெல்லும் வாசலுக்கு வெளியே நிற்கும் இடமும்தான்.

தகுதிச் சான்றிதழின் உண்மையான பலம் இங்கேதான். யார் வேண்டுமானாலும் கற்று வரலாம், யாரும் கட்டாயத்தால் வர வேண்டாம் என்று அது ஆக வேண்டும். மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 செப்டம்பரில் தொடங்கியது. முடிதிருத்துநர் உட்பட 18 தொழில்கள், பயிற்சி நாளுக்கு 500 ரூபாய், கருவிகளுக்கு 15,000 ரூபாய், 5 சதவீத வட்டியில் முதலில் ஒரு லட்சம், பிறகு இரண்டு லட்சம் கடன். பணமெல்லாம் நல்லதுதான். ஆனால் குடும்பத் தொழிலாகச் செய்பவர் என்பதை அடிப்படையாக வைத்தது என்றும், 18 வயதிலேயே பிள்ளைகளை அப்பன் தொழிலுக்குத் திருப்பும் என்றும் சொல்லித் தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் அதை இப்படியே நடத்த மறுத்தது. குலக்கல்வியை எதிர்த்து நின்ற மாநிலத்தில் இந்த மறுப்பு எழாமல் இருந்தால்தான் ஆச்சரியம். மாற்றாக 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டம் தொடங்கியது: சாதி, பரம்பரை கேட்காமல் 25 தொழில்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய், மானியம், வயது 35-க்கு மேல். மறுப்பு சரி என்பதே என் கருத்து. ஆனால் 35 வயதாகும்வரை உங்களைப் போன்ற 22 வயதுக்காரருக்கு இதில் இடமில்லை என்பதையும் அரசு யோசிக்க வேண்டும். வேறு சாதியிலிருந்து விரும்பி வரும் இளைஞர்கள்தானே இந்தத் தொழிலின் பழைய பூட்டைத் திறக்கப்போகிறவர்கள்?

கடை திறந்த பிறகு உங்களுக்கும் ஒரு தேர்வு உண்டு. தலித் ஒருவர் வந்து உட்கார்ந்ததும், “அவங்களுக்கு வெட்டினா நாங்க வர மாட்டோம்” என்று யாராவது வந்து மிரட்டலாம். சில கிராமங்களில் இன்றும் நடக்கிறது. சாதியின் பெயரால் முடிவெட்ட மறுப்பது 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இந்த ஒரு பக்கத்தைப் பாடத்திட்டத்தின் முதல் நாளிலேயே நடத்த வேண்டும், ஃபேடுக்கும் ஃபேஷியலுக்கும் முன்னால்.

பெண்கள் ஆண்களுக்கு முடி வெட்டக் கற்கலாமா? சிரிப்பார்களே!
*ஒரு வாசகி, ஈரோடு*

மகாராஷ்டிரத்தில் கோலாப்பூர்ப் பக்கக் கிராமத்தில் சாந்தாபாய் யாதவ் என்பவர், கணவர் இறந்த பிறகு நான்கு பெண்பிள்ளைகளைக் காப்பாற்ற அவருடைய கத்தியை எடுத்தார். ஆரம்பத்தில் ஊர் சிரித்தது, பிறகு அதே ஊர் அவர் முன்னால் தலை குனிந்து உட்கார்ந்தது. திருமலைக் கல்யாணக்கட்டாவில் பெண் பணியாளர்கள் முடியிறக்குகிறார்கள். சிரிப்பவர்களை விட்டுவிட்டு நீங்கள் ஹேர் ஸ்டைலிஸ்ட் நிலை 4 வரை முடியுங்கள்.

கழுத்தில் சொடுக்கு எடுப்பதையும் கற்றுத்தருவார்களா? வாடிக்கையாளர் விரும்பிக் கேட்கிறார்.
*உதவியாளர், கோவை*

தருகிறேன் என்று யார் சொன்னாலும் கற்காதீர்கள். கழுத்தெலும்புக்குள்ளே மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் ஓடுகின்றன. வெடுக்கென்று திருப்பும்போது அவற்றின் உள்சுவர் கிழிந்தால் பக்கவாதம் வரலாம். கழுவுதொட்டியில் தலையை அதிகமாகப் பின்னால் சாய்த்து வைப்பதாலும் பக்கவாதம் வரலாம் என்று 1993-இலேயே அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஒருவர் எழுதி, அதற்குப் ‘பியூட்டி பார்லர் பக்கவாதம்’ என்று பெயரும் வைத்தார். தலைக்கும் தோளுக்கும் மிதமாகப் பிடித்துவிடுங்கள். கழுத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

விரல் இடுக்கில் சின்னத் துளை மாதிரி வந்து சீழ் பிடிக்கிறது. சலூனில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது.
*பயிற்சியாளர், நாகர்கோவில்*

தோல் மருத்துவரையோ அறுவை சிகிச்சை மருத்துவரையோ உடனே பாருங்கள். என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். முடிதிருத்துநர்களுக்கே வரும் தொழில்நோய் ஒன்று உண்டு: வெட்டிய முடியின் கூர்நுனி ஈரத்தில் ஊறிய விரலிடுக்குத் தோலைக் குத்திக்கொண்டு உள்ளே போய், அங்கேயே தங்கிப் புரைவைக்கும். அதுவாக இருக்கலாம். ஒவ்வொரு தலைக்குப் பிறகும் இடுக்குகளைக் கழுவித் துடையுங்கள், இரவில் தேங்காய் எண்ணெய் போட்டுத் தோலை இளக்கமாக வையுங்கள். காலுக்கும் இது வரும், வெறுங்காலோடு கடையில் நிற்க வேண்டாம்.

ஐரோப்பாவில் சலூன் வாசலில் சிவப்பு வெள்ளைக் கம்பம் சுற்றுகிறதே?
*ஒரு வாசகர், நெய்வேலி*

முடிதிருத்துநரே கட்டி கீறி ரத்தம் எடுத்த காலத்தின் அடையாளம். லண்டனில் 1540-இல் முடிதிருத்துநரும் அறுவை மருத்துவரும் ஒரே சங்கமாக இணைந்து, 1745-இல் பிரிந்தார்கள்.

மலேசியாவில் சலூன் வேலை, இரண்டு லட்சம் கொடு என்கிறார் ஏஜெண்டு. நம்பலாமா?
*ஒரு இளைஞர், புதுக்கோட்டை*

பணத்தை எடுக்காதீர்கள், முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மலேசியாவில் இந்தியர்கள் நடத்தும் சலூன்கள் பல காலம் தமிழ்நாட்டுக் கைகளை நம்பியே ஓடின. 2009-இல் முடிதிருத்தகம், ஜவுளி, பொற்கொல்லர் தொழில் மூன்றுக்கும் வெளிநாட்டு ஆட்களை எடுப்பதை அந்நாட்டு அரசு நிறுத்தியது. ஆளில்லாமல் கடைகள் மூடப்பட்டன. நீண்ட கோரிக்கைக்குப் பிறகு 2023-இல் மூன்றுக்கும் சேர்த்து 7,500 பேரை அனுமதிப்பதாக அறிவித்தது. அதாவது கதவு சில நேரம் திறக்கும், சில நேரம் மூடும். ஏஜெண்டுகள் எப்போதும் திறந்திருப்பதாகவே சொல்வார்கள். மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அந்த ஏஜெண்டுக்குப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். சுற்றுலா விசாவில் போய் வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்றால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

பத்தாவது தேறியிருக்கிறீர்களா? தேறாதவரின் பாஸ்போர்ட்டில் குடியகல்வுச் சோதனை தேவை என்ற குறிப்பு வரும். மலேசியாவும் வளைகுடா நாடுகளும் அந்தச் சோதனைப் பட்டியலில் உள்ளவை. அது தடையல்ல, பாதுகாப்பு. சம்பளம், ஒப்பந்தம் எல்லாம் அரசு பார்த்துக் கையெழுத்திட்ட பிறகுதான் விமானம் ஏற முடியும்.

பழனியில் மொட்டை போடுபவர்களுக்குச் சம்பளம் உண்டா?
*ஒரு பக்தர், ஒட்டன்சத்திரம்*

2021-இல் அறநிலையத்துறைக் கோயில்களில் மொட்டைக்குக் கட்டணம் இல்லை என்று அறிவித்தபோது, முடியிறக்கும் பணியாளர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகையும் அறிவித்தார்கள். விசேஷ நாளில் நூற்றுக்கணக்கான தலைகளை வழிக்கும் கைக்கு அது போதாது என்பது என் எண்ணம். உண்டியலில் போடுவதோடு அவர் கையிலும் மனமுவந்து கொடுங்கள். கைக்குழந்தையைக் கொண்டுபோனால், தூங்கும் நேரம் பார்த்துப் போங்கள். புது பிளேடு போட்டாரா என்று கேட்டுப் பாருங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பயிற்சி முடித்தேன், கையில் 40,000 ரூபாய். முதலில் என்ன வாங்குவது?
*ஒரு வாசகி, அரியலூர்*

ஏ.சி.யும் அலங்கார விளக்கும் வேண்டாம். உயரம் ஏற்றி இறக்கும் நல்ல நாற்காலி ஒன்று, பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, இல்லையென்றால் பத்து வருடத்தில் உங்கள் இடுப்பு போய்விடும். நல்ல கத்தரி இரண்டு, ஒன்று சாணைக்குப் போனால் இன்னொன்று கையில் இருக்கும். மிஷின் ஒன்று, ட்ரிம்மர் ஒன்று, சீப்பு நான்கு செட், துவைத்து மாற்றப் பன்னிரண்டு துண்டு, பிளேடு போட மூடியுள்ள டப்பா, கிருமிநாசினி ஊறவைக்கக் கண்ணாடி ஜாடி. ஜாடியை உள்ளே ஒளித்து வைக்காமல் கண்ணாடிக்கு முன்னால், உட்காருபவர் பார்க்கும் இடத்தில் வையுங்கள். ஹேர் டை போடுவதாக இருந்தால் 48 மணி நேரம் முன்பே காதுக்குப் பின்னால் துளி தடவி ஒவ்வாமை பார்க்க வேண்டும், அதனால் முந்தின வாரமே பேர் எழுதிக்கொள்ள ஒரு நோட்டும் வாங்குங்கள். மிச்சம் இருக்கும் பணத்தை வாடகை முன்பணத்துக்கு வையுங்கள்.